தனுஷ்கோடியில் ஓர் உப்புக்கொத்தி



கடந்த மாதம் நான் பறவை பார்க்கப் போனேன். ஐம்பத்தாறு வயதில் இதுவே முதன்முறை என்று எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் தம் சீடரைப் பறவைகளைப் பார்க்கச் சொன்ன பகுதியை, நான் ஊழியம் செய்த நான்கு சபைகளிலுமாகச் சேர்த்து இருபது முறையாவது பிரசங்கித்திருப்பேன். தேர்வுக் காலத்தில் மாணவருக்கு, மழை பொய்த்த ஆண்டில் விவசாயிகளுக்கு, வேலையிழந்தோருக்காகக் கூடிய ஜெபக்கூட்டத்தில் என்று எல்லா இடத்திலும் அந்தப் பகுதி எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

அப்படியொரு பிரசங்கத்தை முடித்து ஆலய வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் எங்கள் சபைத் தம்பி ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, தவறாக நினைக்காதீர்கள். பறவைகளுக்குக் கவலையே இல்லை என்று சொன்னீர்களே, எந்தப் பறவையைப் பார்த்துச் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இரவு முழுவதும் உறுத்தியது. மத்தேயு அவ்விடத்தில் பயன்படுத்தும் கிரேக்க வினை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவதைக் குறிப்பதன்று. ஒன்றின்மேல் பார்வையைப் பதித்து உற்று நோக்குவதைக் குறிப்பது. லூக்காவோ, காகங்களைப் பற்றிய இணைப்பகுதியில், ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பதைக் குறிக்கும் வேறொரு வினையை எடுத்துக்கொள்கிறார். இதையெல்லாம் இறையியல் கல்லூரியில் கற்றவன் நான். பிரசங்க பீடத்திலிருந்து சொல்லியும் இருக்கிறேன். சொன்னேனே தவிர, ஒரு நாளும் செய்ததில்லை.

ஆகவே, அந்தத் தம்பியும் அவருடைய மாணவர் நால்வரும் நானுமாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை இராமேசுவரத்துக்குப் புறப்பட்டோம். என் துணைவியாரையும் அழைத்தேன். "கொக்கும் காகமும் நம் கொல்லையிலேயே இருக்கின்றன, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லி, கட்டுச்சோற்றை மட்டும் கொடுத்தனுப்பினார்.

இராமேசுவரம் ஒரு தீவு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பாம்பன் கால்வாயின்மேல் 1914இல் இரயில் பாலமும் 1988இல் சாலைப் பாலமும் வந்தபின், கடலைக் கடந்தோம் என்ற உணர்வே பயணிக்கு எழுவதில்லை. அந்தத் தீவின் தென்கிழக்கே வால்போல் நீளும் மணல்தான் தனுஷ்கோடி. ஒரு பக்கம் பாக் நீரிணை. மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், ஓயாமல் அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்குள்ள மீனவர்கள் அழைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மணல்மேடுகளும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முழங்கால் அளவு நீர் தேங்கி நிற்கும் உப்பங்கழிகளும், சேற்றுப் படுகைகளும் இருக்கின்றன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு இதில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது.

சனிக்கிழமை விடியுமுன்பே வேனை நிறுத்திவிட்டு இறங்கினோம். கதவைச் சத்தமின்றிச் சாத்த வேண்டும், வெள்ளைச் சட்டை கூடாது, கைநீட்டிக் காட்டக் கூடாது என்று தம்பி முன்பே கட்டளையிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை இல்லாத போதகன் எதை உடுப்பது? மகனுடைய பழுப்பு நிறச் சட்டையை இரவல் வாங்கி அணிந்திருந்தேன்.

கிழக்கு வெளுத்தபோது நீரின் மறுகரையில் வெண்மையான ஒரு கோடு தெரிந்தது. உப்புப் பூத்திருக்கிறது என்றே நினைத்தேன். தம்பி தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி என்னைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. அறுநூறுக்குக் குறையாது என்று எண்ணிச் சொன்னார். படங்களில் காணும் அடர்ந்த இளஞ்சிவப்பு அங்கே இல்லை. ஏறக்குறைய வெள்ளைப் பறவைகள்தாம். ஏமாற்றத்தை நான் வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் எதற்கோ அவற்றில் முப்பது நாற்பது ஒருமித்து எழுந்தன. சிறகு விரிந்தபோது உள்ளே மறைத்து வைத்திருந்த செந்நிறமும் கருநிறமும் ஒரே கணத்தில் திறந்தன. என்னை அறியாமல் "ஆண்டவரே" என்றேன். பிரசங்கத்தில் எத்தனையோ முறை உச்சரித்த சொல். அன்று அது தானாக வந்தது.

பூநாரை தலையைக் கவிழ்த்து உண்ணும் பறவை. அலகின் மேல்பாகம் கீழாகும்படி நீருக்குள் தலைகீழாக வைத்து, நாவை உந்துகோல்போல் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் நுண்ணிய பாசியையும் சிற்றிறால்களையும் வடிகட்டி நிறுத்திக்கொள்கின்றன. அதன் நிறமும் அந்த உணவிலிருந்து வருவதே. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். உண்டு வளர்ந்து நிறம் ஏறச் சில ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் அவை பெருந்திரளாகக் கூடிக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. ஓர் இணை ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வெளிவந்தபின் தாய், தந்தை இரண்டும் தம் தொண்டைப்பகுதியில் சுரக்கும் ஒருவகைப் பாலை அதற்கு ஊட்டுகின்றன. அந்தப் பால் சிவப்பாக இருக்கும் என்றார் தம்பி. குஞ்சை வளர்க்கும் நாட்களில் தாய் தந்தையின் உடல்நிறம் வெளிறிப்போகுமாம்.

ஐரோப்பாவின் பழைய ஆலயங்களில், கூழைக்கடா தன் மார்பைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளை ஊட்டுவதாகச் செதுக்கி, அதைக் கிறிஸ்துவுக்கு அடையாளமாக வைத்தார்கள். கூழைக்கடா அப்படிச் செய்வதில்லை. பூநாரையோ ஏறக்குறைய அதையே செய்கிறது. அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு நல்ல உவமை கிடைத்தது என்று என் மனம் அங்கேயே குறித்துக்கொண்டது. இது போதகர்களின் வியாதி. எதைக் கண்டாலும் உவமையாக்கிவிட்டு, அதன்பின் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

வெயில் ஏறியபின் தம்பி எங்களைச் சேற்றுப்படுகையின் ஓரமாக அழைத்துச் சென்றார். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "பொறுங்கள்" என்றார். பொறுத்தோம். சேறு அசையத் தொடங்கியது. சேற்றின் நிறத்திலேயே நூற்றுக்கணக்கான சிறு பறவைகள் இருந்திருக்கின்றன. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான்கள், உள்ளான்கள், மூக்கான்கள், அவற்றினிடையே குருவியைவிடச் சற்றே பெரிய உப்புக்கொத்திகள். மூக்கான்களில் ஓர் இனத்தைப் பற்றித் தம்பி சொன்னது இன்னும் நம்பமுடியாதபடி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், அலாஸ்காவில் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கான் ஒன்று, எங்கும் இறங்காமல் பதினொரு நாட்கள் பறந்து, 13,560 கிலோமீட்டரைக் கடந்து டாஸ்மேனியாவில் தரையிறங்கியது. நடுவில் உணவில்லை, நீரில்லை. புறப்படுமுன் அந்தப் பறவைகளின் குடல் முதலிய உள்ளுறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. வழியில் தேவையில்லாத சுமை என்று உடல் அவற்றைக் குறைத்துக்கொள்கிறது.

உப்புக்கொத்தியைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். நாலு அடி ஓடும், சட்டென நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், குத்தும், மறுபடி ஓடும். கண்ணால் தேடி இரைபிடிக்கும் பறவை அது. நீர் வடிந்து சேறு வெளிப்படும் வேளைதான் அதற்குச் சாப்பாட்டு வேளை. நள்ளிரவில் நீர் வடிந்தால் நள்ளிரவிலும் இரைதேடும். நான் பார்த்த அரைமணி நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட ஓய்ந்து நிற்கவில்லை. விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை என்பது உண்மையே. ஆனால் எங்கள் ஊரில் விதைக்கிறவர்களும் அறுக்கிறவர்களும் மதியம் ஒரு மணிநேரம் வேப்பமரத்தடியில் படுக்கிறார்கள்.

"எங்கிருந்து வருகின்றன?" என்று கேட்டேன்.

"இந்த மணல் உப்புக்கொத்திகள் திபெத்து, லடாக்கு பக்கம் ஐயா. நாலாயிரம் மீட்டருக்கு மேலே குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும். 2,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்."

"எடை?"

"அறுபது கிராம்."

ஒரு கோழிமுட்டையின் எடை. அது பனிமலையிலிருந்து புறப்பட்டு, இந்திய நிலப்பரப்பு முழுவதையும் கடந்து, அதன் கடைசி மணல்துண்டில் வந்து நிற்கிறது. நாரை தன் காலத்தை அறிந்திருக்கிறது, என் ஜனமோ அறியவில்லை என்ற பொருளில் எரேமியா புலம்பியது நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அங்கிருந்து பழைய தனுஷ்கோடிக்குப் போனோம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. இலங்கைக்குக் கப்பல் போன துறை, இரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் ஓர் இரவில் போயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் அதிலிருந்தவர்களோடு கொண்டுபோயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு பின்னர் அறிவித்தது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி இன்னும் நிற்கின்றன. பலிபீடம் இருந்த இடம் தெரிகிறது. சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நானும் சற்று நேரம் நின்றேன். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மூன்று நாட்களே இருந்திருக்கின்றன. ஒருவேளை பாடற்குழு ஒத்திகை பார்த்திருக்கும். குடில் கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

சுவரோரத்தில் சங்கும் சோழியும் பரப்பி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, என் கழுத்தில் தொங்கிய இருகண்நோக்கியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாணவர்கள் என்னை "ஐயா" என்பதையும், நான் பலிபீடத்தின்முன் தலைகுனிந்து நின்றதையும் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க பாதரா?"

"போதகர் அம்மா."

"இங்க வர்ற சாமிமாருங்க ஜெபம் பண்ணுவாங்க, அழுவாங்க. பறவ பாக்க வந்த சாமிய இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். அவருடைய பெரியம்மா அந்த இரவில் போனவர். அதை அவர் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, ஆறுதலும் இல்லை. சங்கின் விலையைச் சொல்வதுபோல் சொன்னார். நான் ஒரு சிறு சங்கு வாங்கிக்கொண்டேன்.

நண்பகலில், ஆண்கடல் பக்கத்து மணலில் நடந்து திரும்புகையில்தான் அது நடந்தது. முன்னே போன மாணவர் குனிந்து நின்று கூப்பிட்டார். அலையேறும் எல்லைக்குச் சற்று மேலே, காய்ந்த கடற்பாசியின் நடுவே ஓர் உப்புக்கொத்தி கிடந்தது. காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வகை. மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் நைலான் இழை அதன் ஒரு காலில் பலமுறை சுற்றி இறுகியிருந்தது. மறுமுனை பாசிக்குள் சிக்கியிருந்தது. கால் கறுத்து வீங்கியிருந்தது. நம்மைக் கண்டதும் அது ஓட முயன்றது. நாலு அடி ஓடிப் பழகிய பறவை, அரை அடியில் விழுந்தது.

தம்பி வனத்துறைக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். பின் ஒரு கைக்குட்டையால் பறவையை மெல்ல மூடி எடுத்து, பையிலிருந்த சிறு கத்தரியால் இழையை வெட்டினார். மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமலிருந்தார். பின்பு என் விரலை எடுத்து அங்கே வைத்தார். சதையே இல்லை. மார்பெலும்பு கத்திமுனைபோல் துருத்திக்கொண்டிருந்தது. "பல நாட்களாகச் சாப்பிடவில்லை ஐயா. ஓட முடியாவிட்டால் இதனால் இரைபிடிக்க முடியாது. நிழலில் வைத்திருங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள்" என்று என் கையில் தந்தார்.

அங்கே நிழல் என்று ஒன்றும் இல்லை. ஒரு படகின் பக்கமாகக் குந்தி, என் உடலையே நிழலாக வைத்துக்கொண்டேன். கையில் இருப்பதாகவே தோன்றாத எடை. கைக்குட்டைக்குள் அதன் இதயம் துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. துடிப்பு என்பதைவிட நடுக்கம் என்பது பொருந்தும். பெரிய கறுத்த கண். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, நினைவில்லை. பிறகு அந்த நடுக்கம் நின்றுவிட்டது.

மாணவர் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். போதகர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிற பார்வை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லிப் பழகியவன். வாய் தானாகவே அந்த வாக்கியத்தைத் தேடி எடுத்தது. அடைக்கலான் குருவிகளைப் பற்றி மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. சொல்லத் தொடங்கினேன். முதற்சொல்லோடு நின்றுவிட்டேன்.

ஏனென்றால், அந்த வாக்கியத்தைக் கடைசியாக நான் எங்கே சொன்னேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் ஓர் அடக்க ஆராதனை. இருபத்தோரு வயது. வீட்டுக்கு ஒரே மகன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு இருசக்கர வாகனத்தில் வந்தபோது, விளக்கின்றி நிறுத்தப்பட்டிருந்த லாரியின் பின்புறம் மோதிவிட்டான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்குமுன் நான் பேசினேன். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் விழாதென்றால், இந்தப் பிள்ளை விழுந்ததும் அவர் சித்தமே. ஏன் என்று கேளாமல் ஏற்றுக்கொள்வதே விசுவாசம் என்றேன். அதுவரை கதறிக்கொண்டிருந்த தாய், அழுகையை நிறுத்தி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வசனம் ஆறுதல் தந்துவிட்டது என்று அன்று எண்ணினேன். வீட்டுக்கு வந்து என் துணைவியாரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அதன்பின் அந்தத் தாய் ஆலயத்துக்கு வரவில்லை. கணவர் மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்துபோய்விடுவார். விசுவாசத்தில் தளர்ந்தோருக்காக ஜெபிக்கும் பட்டியலில் அந்தத் தாயின் பெயரை எழுதி ஜெபக்குழுவினரிடம் கொடுத்தவன் நானே.

வனக்காவலர் வந்தார். இழையையும் காலையும் படமெடுத்து, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின் மணலில் கையாலேயே குழி பறித்துப் பறவையைப் புதைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேனில் திரும்பும்போது மாணவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த இழை முழங்கையளவு நீளம்கூட இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அன்றிரவே என் பழைய கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்தேன். இறையியல் கல்லூரியில் பயன்படுத்தியது. அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டது. மத்தேயு பத்து, இருபத்தொன்பது. அங்கே, ஓரத்தில், பென்சிலால், இருபத்தைந்து வயதில் நான் எழுதிய குறிப்பு இருந்தது: "சித்தம் என்ற சொல் மூலத்தில் இல்லை. பிதா இல்லாமல் என்று மட்டுமே." அதன்கீழ் இரண்டு கோடுகள்.

பிரியமானவர்களே, எனக்குத் தெரியாமலிருந்து நான் பிழை செய்திருந்தால் அது ஒருவகை. நான் அறிந்திருந்தேன். கோடும் போட்டிருந்தேன்.

இதைப் படித்ததும் உங்களில் சிலர் எனக்கு எழுதுவீர்கள் என்பதும் தெரியும். சித்தம் என்பதே அங்குப் பொருள் என்று கொள்ளும் விளக்கவுரைகள் உண்டு. நம் முன்னோர் அப்படி மொழிபெயர்த்ததற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. தேவனுடைய ஆளுகையை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலத்தில் அந்தச் சொல் இருக்கவேண்டிய இடம் திறந்து கிடக்கிறது. பிதா அதை விழச்செய்கிறார் என்று அது சொல்லவில்லை. விழாமல் காக்கிறார் என்றும் சொல்லவில்லை. விழும்போது அவர் அங்கே இல்லாமல் இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தாமல் மேலே போனவன் நான்; போனதும் ஒரு தாயின் முன்னால்.

அதே அதிகாரத்தில் இரண்டு குருவிக்கு ஒரு காசு விலை. லூக்காவிலோ ஐந்து குருவிக்கு இரண்டு காசு. கணக்குப் பாருங்கள், ஐந்தாவது குருவி கொசுறு. ஏழைகள் வாங்கி உண்ணும் பறவைகளில், விலையே இல்லாத ஒன்று. அதையும் தேவன் மறப்பதில்லை என்பதுதான் அங்கே பேச்சு. கொன்றது யார் என்பதன்று. லாரியை விளக்கில்லாமல் நிறுத்தியவர் ஒரு மனிதர். தங்கூசியை அறுத்தெறிந்தவரும் ஒரு மனிதர்.

திங்கட்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனேன். நான்கு ஆண்டுகளில் இரண்டுமுறை போயிருக்கிறேன். இரண்டுமுறையும் ஜெபித்துவிட்டு, ஆலயத்துக்கு வரச்சொல்லிவிட்டுத் திரும்பியவன். கணவர் வெளியே போயிருந்தார். அந்த அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். வேதாகமத்தை நான் கொண்டுபோகவில்லை. அவர் பார்வை என் வெறுங்கையில் ஒருகணம் நின்றதைக் கவனித்தேன்.

பறவையைப் பற்றிச் சொன்னேன். பின் அந்தக் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். "அன்றைக்கு உங்கள் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னது எனக்குத் தெரிந்த வேதம் இல்லை, அம்மா. என்ன சொல்வதென்று தெரியாததால் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்தக் குருவிய என்ன செஞ்சீங்க ஐயா?" என்று கேட்டார்.

"மணலில் புதைத்தார்கள்."

"ஜெபம் பண்ணினீங்களா?"

"இல்லை. ஒன்றும் சொல்ல வரவில்லை."

"சாகும்போது கையிலதான் வச்சிருந்தீங்களா?"

"ஆம்."

அவர் தலையசைத்தார். காம்புகளை முறத்தின் ஓரமாக ஒதுக்கினார். "இவன் ரோட்டுல கெடந்தப்போ அரைமணி நேரம் யாரும் பக்கத்துல போகலன்னு சொன்னாங்க. எனக்கு அதுதான் ஐயா. சித்தம் கித்தம் எல்லாம் எனக்குத் தெரியாது. அந்த அரைமணி நேரந்தான்."

நான் பதில் சொல்லவில்லை. பிதா இல்லாமல் இல்லை என்று அப்போது சொல்ல என் நாவு எழுந்தது; அதையும் அடக்கிக்கொண்டேன். சொல்லவேண்டிய நாள் வந்தால் சொல்வேன். வராமலும் போகலாம். இருட்டத் தொடங்கியபோது அவர் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். அவன் பள்ளியில் படித்த நாட்களைப் பற்றிப் பேசினார். புறாக்கள் வளர்த்தானாம், அது எனக்குத் தெரியாது. அவன் கட்டிய புறாக்கூட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கூட்டில் புறா ஏதும் இல்லை. கதவை மட்டும் யாரோ அண்மையில் சரிசெய்திருந்தார்கள்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரு போடாதீங்க" என்றார்.

ஜெபப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். கடந்த ஞாயிறும் அவர் வரவில்லை. அவருடைய கணவர் வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம் கூறி முடித்து நான் வாசலுக்கு வந்தபோது, அவர் இன்னும் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அருகில் போனேன். தனுஷ்கோடிக்கு இப்போது பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்.